சோடாபுட்டிதான் என் பார்ட்னர்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வாயாடி எழுதறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். நீங்க சௌக்கியமா? உங்க கிரேன் சௌக்கியமா?

போன் இருக்கறப்ப எதுக்குடி லெட்டர்னு கேப்பீங்க. போன்ல நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா நீங்க முடிச்சு வச்சிடறீங்க. முடிச்சதோட விடறீங்களா? அதுக்குப் பதிலும் நீங்களே சொல்லி, அந்தப் பதிலுக்காக என்னைத் திட்டவும் திட்டறீங்க. போன ஞாயித்துக்கிழமை நான் மொத்தமா பேசினது "ஹலோ"வும் "அது இல்லப்பா"வும்தான். லெட்டர்ல அந்த வேலை நடக்காது. நான் முற்றுப்புள்ளி வைக்கிற வரைக்கும் நீங்க பொறுத்துதான் ஆகணும். இனிமே எதுவா இருந்தாலும் லெட்டர்லதான். போன்ல அம்மாகிட்ட பேசிக்கங்க.

இப்ப செய்திக்கு வரேன். பேட்மின்டன் கிளாஸ்ல என்னை டபுள்ஸ்ல போட்டுட்டாங்க. புதுசா சேர்ந்தவங்களை எல்லாம் மாஸ்டர் உயர வரிசையில நிக்க வச்சு, ரெண்டு ரெண்டா வெட்டி, "இனிமே இவதான் உன் ஜோடி, சண்டை போடாம ஆடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்குக் கிடைச்சவ சோடாபுட்டி. நிஜப் பேரை யாரும் கூப்பிடறதில்ல, அவளும் எதிர்பார்க்கறதில்ல. கண்ணாடி அவ்வளவு கனம். அதை எலாஸ்டிக் போட்டுத் தலைக்குப் பின்னால கட்டியிருப்பா. அவங்க அம்மா பக்கத்துத் தெருவில தையல் கடை வச்சிருக்காங்க. எங்க ரெண்டு பேர் பேட்டுக்கும் மிச்சம் விழுந்த பேன்ட் துணியில உறை தைச்சுக் கொடுத்திருக்காங்க. பாக்கெட்டோட! அந்தப் பாக்கெட்டுல என்ன வைக்கிறதுன்னு இன்னும் தெரியலை.

நல்ல ஜோடின்னுதான் நினைச்சேன், முந்தாநாள் வரைக்கும். முந்தாநாள் ஷட்டில் நடுவில வந்தது. நான் "எனக்கு"ன்னு ஓடினேன். அவளும் "எனக்கு"ன்னு ஓடி வந்தா. ரெண்டு பேட்டும் மோதி, நீங்க வாங்கி அனுப்பின பேட்டுல விரிசல். அவ கண்ணாடி கழண்டு நெட்டுக்கு அடியில போயிடுச்சு. சரின்னு மாஸ்டர் எங்களை இடம் மாத்தி நிக்க வச்சார். அடுத்த ஷட்டிலும் நடுவில வந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா, ஷட்டில் எங்க ரெண்டு பேர் நடுவிலயும் ஜம்முன்னு வந்து உக்காந்தது. பக்கத்துக் கோர்ட்டுல எல்லாரும் வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க.

கோளாறு எங்கன்னு வீட்டுக்கு வந்து யோசிச்சதுல தெரிஞ்சது. அவ இடக்கைக்காரி. யாரு முன்கைப் பக்கம் நடுவில இருக்கோ அவங்க எடுக்கணும்னு மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்திட்டார். நாங்க ஒரு மாதிரி நின்னா ரெண்டு பேர் முன்கையும் நடுவில. மாத்தி நின்னா ரெண்டு பேருக்கும் நடுவில பின்கை. ஒண்ணு மோதறோம், இல்லாட்டி விட்டுடறோம்.

இதுக்கு வழி நாங்களே கண்டுபிடிப்போம். உங்ககிட்ட அட்வைஸ் கேக்கலை. செய்தி சொன்னேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்க வாயாடி


ஜூன் 20

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். கிரேனும் நலம். உன் கடிதத்தை மேலே கிரேன் கேபினுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். காற்று அடித்ததில் இரண்டாம் பக்கம் கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. உன்னைப் போலவே அதுவும் அடங்காது போலிருக்கிறது.

அட்வைஸ் கேட்கவில்லை என்று ஒருத்தி மெனக்கெட்டு எழுதினால் கேட்டதாகத்தான் அர்த்தம். அதனால் சொல்கிறேன். நான் ஒன்றும் பேட் பிடிக்கத் தெரியாதவன் இல்லை. பழைய கம்பெனியில் சிங்கிள்ஸ் ஆடி ஜெயித்த கோப்பை நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. உன் அம்மா அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள் என்றால் அது என் தப்பில்லை.

கேட்டுக்கொள். உன் பார்ட்னர் உன்னைவிட மட்டம் என்றால் அவளை ஒரு மூலையில் நிறுத்து. கைக்கு எட்டுவதை எல்லாம் நீயே எடு. எட்டாததுக்கும் ஓடு. அவளை நம்பி விட்ட ஒவ்வொரு ஷட்டிலும் எதிராளிக்குக் கொடுத்த பாயின்ட். அவ்வப்போது திரும்பி, அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு கண் பார்த்துக்கொள். நான் இங்கே குவார்ட்டர்ஸ் வாசலில் லீவு நாட்களில் அப்படித்தான் ஆடுகிறேன்.

அதைச் சொல்லப்போனால் இங்கே ஒரு அநியாயம். என்னோடு டபுள்ஸ் ஆடிக்கொண்டிருந்த வெல்டர், இனிமேல் என்னோடு ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். "அண்ணே, நீங்க ஆடறப்ப நான் சும்மா நிக்கறதுக்கு வெளியில சேர் போட்டு உக்காந்துக்கறேன்" என்கிறான். எவ்வளவு திமிர் பார்! போன வாரம் அவன் விட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்தது யார்?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய சூப்பர்வைசர் ஊரோடு வந்துவிட்டார் அல்லவா, அவருடைய மகளும் உன் வயதுதான். நாலு வருஷமாக ஆடுகிறாளாம். இப்போது அவளுக்கு டபுள்ஸ் ஜோடி இல்லை. ஆகஸ்டில் நடக்கிற ஜூனியர் போட்டிக்கு உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவரே போன் போட்டுச் சொன்னார். அவளோடு ஆடினால் சர்டிபிகேட் நிச்சயம். சர்டிபிகேட் இருந்தால் காலேஜில் விளையாட்டு சீட். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்காரப் பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. புது பேட் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். அப்ப நீங்களே வந்து அந்த மகாராணியோட ஆடுங்க. நான் ஆட மாட்டேன்.

வெல்டர் அண்ணன் விஷயத்தைப் படிச்சு அம்மா அடுப்படியில நின்னு சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு அத்தை என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. "உங்கப்பாகூட ஆடறதுக்கு ஒரு சேரும் போர்வையும் இருந்தா போதும்"னாங்க அம்மா. எனக்குச் சிரிப்பு வரலை. கடுப்புதான் வந்தது. ஏன்னா நீங்க சொன்னதை நான் செஞ்சு பார்த்தேன்.

ஆமா, செஞ்சேன். என்ன இருந்தாலும் கோப்பை வாங்கினவர் சொல்றாரேன்னு, சோடாபுட்டியை மூலையில நிறுத்தி எல்லாத்தையும் நானே எடுத்தேன். பத்து நிமிஷத்துல நாக்கு தள்ளிடுச்சு. எதிர்ல இருந்தவங்க ரெண்டே நாள் முன்னாடி பேட் பிடிச்ச சின்னப் பொண்ணுங்க. அதுங்க கூட என்னை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துரத்தி விளையாடுச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே பின்னாடி திரும்பிப் பார்த்தேன், அவ எங்க நிக்கறான்னு. திரும்பி முன்னாடி பார்க்கறதுக்குள்ள ஷட்டில் வந்து தாடையில அடிச்சது. தடம் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

சிங்கிள்ஸ் வேற, டபுள்ஸ் வேறப்பா. இப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க. நாம மேலேயிருந்து கீழே அடிக்கிறப்ப ஒருத்தி பின்னாடி, ஒருத்தி முன்னாடி. பின்னாடி இருக்கறவ அடிப்பா. முன்னாடி இருக்கறவ பேட்டை மூஞ்சி உயரத்துக்குத் தூக்கி வச்சுக்கிட்டு நெட்டையே பார்த்துட்டு நிக்கணும். திரும்பக் கூடாது. தலைக்கு மேல போறது நம்மது இல்லை, பின்னாடி இருக்கறவளோடது. எட்டிப் பிடிக்கலாம்னு கை அரிக்கும். விட்டுடணும். அது இருக்கே, அதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம்.

நடுவில வர்றதுக்கும் வழி கண்டுபிடிச்சாச்சு. முன்கை பின்கை கணக்கெல்லாம் மூட்டை கட்டிட்டோம். அந்தப் பக்கத்துல எனக்கு நேர் எதிர்ல நிக்கறவ அடிச்சா நான் என் ஓரத்தைப் பார்த்துக்கணும், நடு சோடாபுட்டிக்கு. அவளுக்கு நேர் எதிர்ல நிக்கறவ அடிச்சா நடு எனக்கு. அது அவ யோசனை. தையல் கடை மேசையில பட்டனை வச்சு நகர்த்தி நகர்த்திக் காட்டினா. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட மோதலை. அவ மட்டம்னு யார் சொன்னது? நானா சொன்னேன்? கண்ணாடி போட்டிருக்கான்னு எழுதினேன். மட்டம்னு நீங்களா முடிவு கட்டிட்டீங்க.

ஒண்ணு கேக்கறேன். கட்டடத்துக்கு அந்தப் பக்கம் சுமையை இறக்கறப்ப உங்களுக்குத் தரை தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க. கீழே ஒருத்தர் கொடி காட்டறார், வாக்கி டாக்கியில சொல்றார், அதை நம்பித்தானே இறக்கறீங்க? நடுவில கிரேனை நிறுத்திட்டு இறங்கி ஓடிப் போய்ப் பார்க்கறீங்களா? நீங்க நம்பலாம், நான் நம்பக் கூடாதா?

ஜோடியை மாத்த மாட்டேன். சோடாபுட்டிதான் என் பார்ட்னர்.

இப்படிக்கு,
வாயாடி

பி.கு. பேட் வந்தது. நல்லா இருக்கு. அதுக்காக மனசு மாற மாட்டேன்.


ஜூலை 11

வாயாடிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எனக்குக் கொடி காட்டுகிறவர் பதினைந்து வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர். உன் சோடாபுட்டி பேட் பிடித்து ஆறு மாதம் ஆகவில்லை. இரண்டையும் ஒரு தட்டில் வைக்காதே. அவர் தப்பாகக் காட்டினால் ஆள் சாவான். அவர் தப்பாகக் காட்டியதே இல்லை, அதனால் நம்புகிறேன். நம்பிக்கை சும்மா கொடுப்பதில்லை.

உன் வாயைப் பார்த்து நான் சிரிப்பேன் என்று நினைத்துவிட்டாய். எல்லா விஷயத்திலும் சிரிக்க முடியாது. நான் இங்கே தனியாக, வெயிலில் தகரம் போல் கொதிக்கிற ஒரு கேபினில் ஏறி உட்கார்ந்திருப்பது எதற்கு? நீ ஒரு நல்ல காலேஜில் கால் வைக்கத்தான். மார்க்கில் நீ வாங்குகிற லட்சணம் எனக்குத் தெரியும், அம்மா மறைத்தாலும் தெரியும். விளையாட்டு சீட் ஒன்றுதான் வழி. அதுவும் தானாகத் தேடிவந்த வழி. அதைக் காலால் எட்டி உதைக்கிறாய்.

சூப்பர்வைசரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கீழே நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்த மாதக் கடைசிக்குள் ஜோடிப் பேர் கொடுக்க வேண்டுமாம். அவர் மகளோடு உன் பெயரைக் கொடு. முடியாதென்றால் பேட்டை அலமாரி மேலே தூக்கி வை. சாயங்காலம் டியூஷனுக்குப் போ. மூன்றாவது வழி இல்லை.

அப்பா

பி.கு. ஷட்டிலை உயரமாகத் தூக்கிக் கொடுத்த பிறகு எங்கே நிற்க வேண்டும்? முன்னும் பின்னுமாகவே நிற்கலாமா? வெல்டர் கேட்டான்.


ஜூலை 24

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல்ல வெல்டர் அண்ணனுக்குப் பதில். உயரமாத் தூக்கிக் கொடுத்துட்டா எதிராளி மேலேயிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிப்பான். அப்ப முன்னும் பின்னுமா நின்னா முன்னாடி இருக்கறவன் முகரை பேந்துடும், ரெண்டு ஓரமும் காலியாக் கிடக்கும். அதனால தூக்கின உடனே ரெண்டு பேரும் பக்கத்துக்கு ஒருத்தரா விரிஞ்சு நிக்கணும். அண்ணனை நல்லா விசாரிச்சதாச் சொல்லுங்க. அவரோட மறுபடி ஆடறீங்க போலிருக்கு, எனக்கு சந்தோஷம்.

இப்ப நம்ம விஷயம். பேர் கொடுத்துட்டேன். சோடாபுட்டியோட. அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டது அம்மாதான், ஆனா பிடிவாதம் பிடிச்சது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அம்மாவை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

நடந்ததைச் சொல்லிடறேன், வேற யாராவது வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி. போன சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் அங்கிள் வீட்டுக்கே வந்துட்டார், மகளையும் கூட்டிக்கிட்டு. அம்மா மருந்துக் கடை வேலை முடிஞ்சு அப்பதான் வந்து செருப்பைக் கழட்டறாங்க. அங்கிள் உங்க நாற்காலியில உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே எங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் பயிற்சி, எந்தக் கலர் டிரஸ்னு எல்லாம் சொல்லிக்கிட்டே போனார். என்கிட்ட ஒரு கேள்வி கூட இல்லை. நான் "அங்கிள், எனக்கு பார்ட்னர் இருக்கா"ன்னேன். அவர் சிரிச்சுட்டு, "தெரியும்மா, அந்தக் கண்ணாடிப் பொண்ணு. அதையெல்லாம் வச்சுக்கிட்டு நீ எங்க போய்ச் சேருவே? உங்கப்பாவே சரின்னுட்டாரே"ன்னார்.

"அப்பா சரின்னா அப்பா ஆடட்டும் அங்கிள்"னேன்.

அம்மா டீ கிளாஸை டக்குன்னு வச்சாங்க. அங்கிள் முகம் சுருங்கிடுச்சு. மகாராணி அதுவரைக்கும் நகத்தையே பார்த்துட்டு இருந்தவ, நிமிர்ந்து, "விடுங்கப்பா, வேண்டா வெறுப்பா வர்றவளோட நான் மட்டும் எப்படி ஆடறது? என்னையும்தான் யாரும் கேக்கலை"ன்னா. எனக்கு அந்த நிமிஷம் அவளைப் பிடிச்சுப் போச்சு. மகாராணின்னு பேர் வச்சது தப்போன்னு கூடத் தோணுச்சு.

அதை விட மோசம் மறுநாள் நடந்தது. விஷயம் சோடாபுட்டி காதுக்குப் போயிருக்கு. ஹாலுக்கு வெளியே, செருப்பு விடற இடத்துல நின்னுட்டு, "நீ அவகூடப் போடி. எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எப்படியும் நெட்டுகிட்ட மெல்ல விழற டிராப் அடி சரியா வராது. உங்கப்பா சொல்றது சரிதானே"ன்னா. சொல்லிட்டு அந்தப் பேட் உறையோட பாக்கெட்டை நோண்டிக்கிட்டே நிக்கறா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அவளைப் பிடிச்சு உலுக்கி, "இன்னொரு தடவை இதைச் சொன்னே, உன்னை அறைஞ்சுட்டு அப்புறம்தான் ஆடுவேன்"னேன். அவ பயந்துட்டா. உள்ள போய் ஒழுங்கா ஆடினோம்.

உங்களுக்கு மானக்கேடா இருக்கும்னு தெரியுது. ஆனா என்னைக் கேக்காம என் பேர்ல வாக்குக் கொடுத்தது நீங்க. அதை நான் எப்படிக் காப்பாத்துவேன்? ஒரு பொண்ணு என் பின்னாடி நின்னு அடிக்கறா, நான் அவளை நம்பி முதுகைக் காட்டிட்டு நிக்கறேன். அவளைத் தூக்கிப் போட்டுட்டு வாங்கற சர்டிபிகேட்டை வச்சு நான் எந்தக் காலேஜுக்கும் போக வேண்டாம்.

பேட்டை அலமாரி மேல வைக்கலை. டியூஷனுக்கு வேணும்னா காலையில போறேன்.

பதில் போடுங்க. திட்டியாவது போடுங்க.

இப்படிக்கு,
வாயாடி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்ககிட்ட இருந்து லெட்டர் வரலை. அம்மாகிட்ட போன்ல பேசினப்ப "அவ ஒழுங்கா சாப்பிடறாளா"ன்னு மட்டும் கேட்டீங்களாம். பக்கத்துலதான் நின்னேன். என்கிட்ட கொடுன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன். போன் வேண்டாம்னு சொன்னது நான்தான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?

சாப்பிடறேன். நல்லா சாப்பிடறேன். கோவத்துல ரெண்டு மடங்கு சாப்பிடறேன்.

சர்வீஸ் தாழ்வா, நெட்டை உரசற மாதிரி போட வருது இப்ப. ஸ்மாஷை ஓரம் பார்த்து அடிக்காம, எதிராளி ரெண்டு பேருக்கும் நடுவில அடிக்கப் பழகறோம். அவங்களும் எங்களை மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துப்பாங்க இல்லையா! போட்டி இருபதாம் தேதிக்கு அப்புறம். நீங்க வாழ்த்தலைன்னாலும் ஆடுவேன். வாழ்த்தினா கொஞ்சம் நல்லா ஆடுவேன்.

வாயாடி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்துட்டோம்.

முதல்லயே சொல்லிட்டேன், நீங்க கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். யாருகிட்டன்னு கேளுங்க. மகாராணிகிட்டதான். அவளுக்கு வேற ஜோடி கிடைச்சுட்டா. முதல் ரெண்டு சுத்து நாங்க ஜெயிச்சோம், அதையும் எழுதிடறேன், யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. கால் இறுதியில அவங்க வந்தாங்க.

பெரிய ஹால்ப்பா. நம்ம ஹால் மாதிரி தகரக் கூரை இல்லை. மேல பார்த்தா வெள்ளை வெளேர்னு விளக்கு, ஷட்டில் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டுத் திரும்பி வருது. முதல் கேம் அவங்களுக்கு. நான் ரெண்டு சர்வீஸை நெட்டுலயே அடிச்சேன். இடையில தண்ணி குடிக்கிறப்ப சோடாபுட்டி கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "அந்தப் புது ஜோடி திரும்பித் திரும்பி மகாராணியைப் பார்க்குது. கவனிச்சியா? அது திரும்பறப்ப எல்லாம் அதோட பேட் கீழே இறங்கிடுது"ன்னா. எல்லாரும் அவளுக்குக் கண்ணு தெரியாதுங்கறாங்க!

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு மேலயே அடிச்சோம். பாவமாத்தான் இருந்தது, ஆனா அடிச்சோம். ரெண்டாவது கேம் எங்களுக்கு. மூணாவது கேம் கடைசி வரைக்கும் இழுபறி. அங்கிள் முன் வரிசையில உக்காந்து மகளுக்குக் கத்திக்கிட்டே இருந்தார், "நீயே எடு, நீயே எடு"ன்னு. எனக்கு உங்க குரல் மாதிரியே கேட்டது.

கடைசிப் புள்ளி. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு போதும். நான் முன்னாடி நிக்கறேன், அவ பின்னாடி. மகாராணி ஷட்டிலை என் தலைக்கு மேல தூக்கினா. ரொம்ப உயரம் இல்லை. எம்பினா எட்டியிருக்கும்னு இப்பவும் தோணுது. என் உடம்பு முழுக்க எடு எடுன்னு துடிச்சது. நான் எடுக்கலை. திரும்பியும் பார்க்கலை. பேட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நெட்டையே பார்த்துட்டு நின்னேன். பின்னாடி அவ கால் சத்தம் கேட்டது. அடிச்ச சத்தமும் கேட்டது. நல்ல அடி. ஷட்டில் என் காது பக்கமா போச்சு, நெட்டைத் தாண்டிச்சு, ரெண்டு பேருக்கும் நடுவில போய், பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. கோட்டுக்கும் அதுக்கும் ஒரு விரல் இடைவெளி.

அங்கிள் எங்க பக்கமா வந்து, "பார்த்தியாம்மா? உன்னைத்தான் சொல்றேன். நீ எடுத்திருந்தா போயிருக்குமா?"ன்னார். எல்லார் முன்னாடியும். சோடாபுட்டிக்குக் கேக்கற மாதிரி. "அது அவளோட ஷட்டில் அங்கிள். எனக்கு அதைத் தொட உரிமை இல்லை"ன்னேன். அவ பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்து அழுதா. நானும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஜெயிச்சிருந்தா உங்ககிட்ட எவ்வளவு திமிரா எழுதியிருக்கலாம்!

சர்டிபிகேட் இல்லை. நீங்க சொன்னது நடந்துடுச்சு. சொன்னேனே, சொன்னேனேன்னு சொல்லிக்கங்க. ஆனா டிசம்பர்ல இன்னொரு போட்டி இருக்கு. அதுக்கும் பேர் கொடுத்தாச்சு. இதே ஜோடிதான். அதுலயும் தோத்தா அதுக்கடுத்ததுக்கும் கொடுப்பேன். என்னை நிறுத்தணும்னா லெட்டர்ல முடியாது, பேசாம இருந்தும் முடியாது. லீவு போட்டு வந்து, நான் ஆடறதை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு, அப்புறம் என் கையில இருந்து பேட்டைப் பிடுங்குங்க. பிடுங்க முடிஞ்சா பார்க்கலாம்.

இப்படிக்கு,
தோத்துப்போன, ஆனா மாறாத
வாயாடி


செப்டம்பர் 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம்.

நடுவில் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பெரிய மனுஷனிடம் "அப்பா ஆடட்டும்" என்று சொன்னாயாமே! என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்தக் காட்சியை நினைத்து ஒரு வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார். அவர் மகள் செமி பைனலில் தோற்றுவிட்டாளாம், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் ஆட்டத்தைத்தான் கதை கதையாகச் சொன்னார். "உன் பொண்ணு நெட்டுகிட்ட பொம்மை மாதிரி நின்னுட்டாய்யா. தலைக்கு மேல போறதை அந்தக் கண்ணாடிக்கு விட்டுட்டா. நீ சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு எங்கயோ இருந்திருப்பா. பொண்ணை வளர்க்கத் தெரியலை உனக்கு" என்றார்.

ஒன்பது வருஷம் அவருக்கு "சரிங்க சார்" என்று மட்டுமே சொன்னவன் நான். அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "சார், முன்னாடி நிக்கறவ தலைக்கு மேல போறதைத் தொடக் கூடாது. அது பின்னாடி நிக்கறவளுது. இது கூடத் தெரியாம நாலு வருஷம் என்ன சார் ஆட வச்சீங்க உங்க பொண்ணை?" என்றேன். அதோடு விடவில்லை. "என் பொண்ணு தோத்தா தோத்துட்டுப் போறா. பார்ட்னரை மாத்த மாட்டா. நான் கொடுத்த வாக்கு தப்பு, அதை நான் திரும்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவர் இனி என்னோடு பேசமாட்டார். பேசாமல் போகட்டும்.

சர்டிபிகேட் இல்லாமல் உனக்கு எப்படி சீட் வாங்குவது என்று எனக்கு இன்னும் கவலைதான். அந்தக் கவலையை நான் படுகிறேன். அதற்கும் உன் ஜோடிக்கும் சம்பந்தம் இல்லை.

டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். கத்தாமல் உட்கார முயற்சி செய்வேன், வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தால் அவளிடம் நான் சொன்னதாக ஒன்று சொல். அந்த ஷட்டிலை அவள் அடித்தது சரி. வெளியே போனது வேறு விஷயம். அடுத்த தடவை அதே மாதிரி வந்தாலும் நீ தொடாதே. அவளே அடிக்கட்டும்.

அன்புடன்,
அப்பா